வாசலில் ஒரு கதிரை

ஜனவரி 6

நேற்றுப் பகல் பூச்சியத்துக்கு மேல் இரண்டு பாகை. வீதியோரக் குவியல்களிலிருந்து ஸ்னோ கரைந்து நடைபாதை முழுக்க வழிந்தது. இரவு மறை எட்டுக்கு இறங்கியதும் அந்த ஈரமெல்லாம் இறுகிவிட்டது. வெள்ளையாக எதுவும் இல்லை. கீழே கிடக்கிற சீமெந்தின் நிறம்தான் தெரிகிறது. ஸ்னோ கொட்டுகிற நாளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எல்லோரும் கவனமாகத்தான் நடப்பார்கள். இடுப்பெலும்பு உடைவது இப்படியான காலைகளில்தான்.

முதியவர்களை அவர்களுடைய வீட்டிலேயே பராமரிப்பது என் வேலை. பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு வீடு நடந்து போகிறேன். சப்பாத்துக்கு மேலால் இழுத்து மாட்டும் ஐஸ் கிளீட் இல்லாமல் நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிக்கிடுவதில்லை. ஒரு ரப்பர் வலை, அதன் அடியில் சிறு சிறு உருக்கு முனைகள், அவ்வளவுதான் சாமான். அந்த முனைகள் ஐஸில் ஏறும் சத்தம் காலடியில் கேட்டதும் தோள் இறங்குகிறது, மூச்சு சீராகிறது.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். மறை இருபத்தைந்தில் ஐஸ் காய்ந்து, சப்பாத்தை ஓரளவு பிடிக்கும். பூச்சியத்தை அண்டினால்தான் மோசம். உருகுநிலைக்கு முன்பே ஐஸின் மேல்மட்ட மூலக்கூறுகள் தளர்ந்து மெல்லிய திரவப் படலமாக நடந்துகொள்கின்றன. மைக்கேல் பரடே 1850இலேயே இந்தக் கருத்தைச் சொல்லிவிட்டார். நம் எடை அழுத்துவதால்தான் ஐஸ் உருகி வழுக்குகிறது என்று படித்த விளக்கம் போதாது. சப்பாத்தோடு நிற்கும் ஒருவரின் எடை உருகுநிலையை நூறில் ஒரு பாகைகூட மாற்றாது.

ஜனவரி 8

மாஸ்டர் வீடு. வடமராட்சியில் கணிதம் படிப்பித்தவர். நவம்பருக்குப் பிறகு டொக்ரரிடம் போனதைத் தவிர வாசல் தாண்டவில்லை. போன விண்டரில் வீட்டுக்கு முன்னால் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

"முறிஞ்ச நோ மாறிட்டுது, பிள்ளை. திரும்பவும் விழுந்திடுவனோ எண்ட பயம்தான் மாறேல்லை."

மகள் வாங்கிக் கொடுத்த கிளீட் எங்கே என்று கேட்டேன். பெட்டி பிரிக்காமல் அலுமாரியில் இருந்தது. "உதை இழுத்து மாட்ட ரெண்டு கையிலயும் பலம் வேணும். எனக்கு ஒரு கைதானே சரியா இருக்கு."

எடுத்துப் பார்த்தேன். நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ரப்பரை விரித்து, பெருவிரல் பக்கம் கொளுவி, குனிந்து குதிக்காலுக்கு மேலால் இழுக்க வேண்டும். குனியக்கூடியவருக்கும் விரலில் பிடி உள்ளவருக்கும் செய்த சாமான் அது. விழுந்தால் எழும்ப முடியாதவர் யாரோ, அவரால்தான் இதை மாட்ட முடிவதில்லை. பல வீடுகளில் இதைக் காண்கிறேன். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பெட்டி அலுமாரியில் கிடக்கிறது.

ஜனவரி 11

வேலைத் தோழிகள் இருவரிடம் இரவல் வாங்கி, மூன்று வகைக் கிளீட்டையும் குசினி மேசையில் பரப்பிப் பார்த்தேன்.

ரப்பர் நாடாவில் கம்பிச்சுருள் சுற்றியது ஒன்று. யாக்ட்ராக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். மிதிபட்டு இறுகிய ஸ்னோவுக்கு நல்லது. வழவழப்பான தெளிந்த ஐஸில் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சங்கிலியில் நீண்ட பற்கள் வைத்தது இன்னொன்று. அது காட்டுப் பாதைக்கும் மேட்டுக்கும் உரியது. வழித்துத் துப்புரவாக்கிய சீமெந்தில் அதைப் போட்டு நடந்தால் பற்களின் நுனியில் நிற்க வேண்டியிருக்கும், கணுக்கால் பிரளும். நகரத்து நடைபாதைக்கு மூன்றாவதுதான்: கட்டை முனைகள் வைத்தது. முனை டங்ஸ்டன் கார்பைட்டாக இருந்தால் தேய நாளாகும்.

எதை வாங்கினாலும் குதிக்காலின் கீழே முனை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். நாம் அடியெடுத்து வைக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிக்கால். கால் முன்னுக்கு இழுபடுவதும் அந்தக் கணத்தில்தான். முன்பாதத்தில் மட்டும் முனை உள்ளதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஸ்வீடனில் குன்வோர் கார்ட், கிளென் லுண்ட்போர்க் இருவரும் இப்படியான சாதனங்களை ஐந்து விதமான வழுக்கும் தரைகளில் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்து 2001இல் எழுதியிருக்கிறார்கள். நடையும் சமநிலையும் மட்டுமல்லாமல் மாட்டுவதும் கழற்றுவதும் எவ்வளவு இலகு என்றும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்மேல் எனக்கு மதிப்பு வந்தது. 2005இல் வெளிவந்த ஃபெர்கஸ் மெக்கீர்னனின் ஆய்வு அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்தது. முந்தைய வருடத்தில் ஒருமுறையாவது விழுந்த, 65 வயதைத் தாண்டிய 109 பேர். கம்பிச்சுருள் சாதனம் கிடைத்தவர்கள் வெளியில் விழுந்தது, வழக்கமான சப்பாத்தோடு நடந்தவர்களைவிட ஏறக்குறையப் பாதி.

ஜனவரி 14

தைப்பொங்கல். மாலை கோயிலில் சரியான சனம். வாகனத் தரிப்பிடத்தில் உப்புப் போட்டிருந்தார்கள், ஆனாலும் ஓரங்களில் ஐஸ். உள்ளே நுழைந்ததும் சப்பாத்துக் கழற்றும் இடம் முழுக்க ரைல்ஸ், அதன் மேல் உருகிய தண்ணீர். கிளீட்டோடு வந்த ஒரு மாமி அந்த ரைல்ஸில் கால் வைத்ததும் வழுக்கி என் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, விழவில்லை.

ஐஸில் ஏறுகிற உருக்கு முனைக்கு ரைல்ஸில் ஏற இடமில்லை. ரப்பர் அடி தரையைத் தொடுவதை அந்த முனையே தடுத்துவிடுகிறது. சப்வே நிலையம், கடைத் தளம், வங்கி வாசல், எல்லாமே இப்படித்தான். அதனால் உள்ளே நுழைய முன் கழற்ற வேண்டும். வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். எழுபத்தைந்து வயது ஆள் வாசலில், ஈரத்தில், ஒற்றைக் காலில் நின்று இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. தெருவில் நடப்பதன் ஆபத்தைவிட இது பெரிது. அந்த மாமியை இருத்தக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கதிரையும் இல்லை.

ஜனவரி 22

உறைமழை. மேலே சூடான காற்றுப் படையில் மழையாக இறங்கி, நிலத்தை ஒட்டிய குளிர்ப் படையில் பூச்சியத்துக்குக் கீழே போயும் நீராகவே இருந்து, தொட்ட இடத்தில் உறைந்துவிடும் மழை. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவை இருட்டில் போட்டது இதுதான். இன்று அவ்வளவு இல்லை. இருந்தும் ஒரு வீட்டுக்குப் போக வழமையைவிட இரண்டு மடங்கு நேரம். கிளீட் இருந்தாலும் பென்குயின் நடைதான்: அடி சிறியது, பாதம் தட்டை, உடம்பின் பாரம் முன்காலுக்கு மேலே, கை சட்டைப்பைக்கு வெளியே.

ஜனவரி 25

இந்த நகரத்திலேயே, யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்தில் வின்டர்லாப் என்று ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. ஐஸ் தரையோடு சேர்த்து அறையையே சாய்க்கிறார்கள். விழாதபடி வாரால் கட்டிய ஆட்கள் மேலும் கீழும் நடக்க நடக்கச் சரிவைக் கூட்டி, எந்தக் கோணத்தில் கால் நழுவுகிறது என்று குறிக்கிறார்கள். ஏழு பாகையை எட்டினால் சப்பாத்துக்குத் தரக்குறியாக ஒரு ஸ்னோஃப்ளேக். 2016இல் முதல் பட்டியல் வந்தபோது 98 சோடிகளில் 9 மட்டும் அந்த மட்டத்தைத் தொட்டன. விண்டர் பூட்ஸ் என்று எழுதியிருப்பது காலைச் சூடாக வைத்திருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம். தடித்த அடியைப் பார்த்து நம்பி நடக்கிற எங்கள் ஆட்களுக்கு இதைத் தமிழில் யாராவது சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 3

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரசபை 65 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு இலவசமாகக் கிளீட் கொடுத்தது. அதைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் விழுந்து காயப்படுவது குறைந்ததாகவும், செலவைவிடப் பயன் பெரிது என்றும் கண்டார்கள். முறிந்த இடுப்புக்கு அறுவைச் சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் பிசியோ, பலருக்கு அதோடு சொந்த வீட்டு வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. ஒரு சோடி கிளீட்டின் விலை அதற்கு முன் எந்த மூலைக்கு? ஊன்றுகோலையும் கண்ணாடியையும்போல இதையும் டொக்ரர் எழுதிக் கொடுக்க வேண்டும், யாராவது பக்கத்தில் இருந்து மாட்டிக் காட்டவும் வேண்டும். நகரசபை உறுப்பினருக்கு எழுதப் போகிறேன்.

வாங்க வசதியில்லாதவருக்கும் வழியுண்டு. நியூசிலாந்தின் டனீடினில் லியான் பார்க்கினும் கூட்டாளிகளும் சப்பாத்துக்கு மேலே காலுறை போட்டுச் சரிவில் இறங்கச் சொல்லிச் சோதித்து 2009இல் எழுதினார்கள், வழுக்கல் குறைந்தது. அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். அவசரத்துக்குப் பஸ் தரிப்புவரை போக நான் அதைத் தயங்காமல் சொல்வேன்.

பெப்ரவரி 10

மாஸ்டருக்கு வேறு வகை கிடைத்தது. பாதத்தின் நடுவில் வரும் சிறு தட்டு, வெல்குரோப் பட்டி. ஒரு கையால் இழுத்து ஒட்டலாம். உள்ளே வந்தால் தட்டைப் பாதத்தின் மேற்பக்கம் திருப்பிவிடலாம், கழற்ற வேண்டியதில்லை. முனை குதிக்காலில் இல்லாதது குறைதான், அதனால் தட்டையாக மிதிக்கப் பழக்குகிறேன். முதல் நாள் படிக்கட்டுவரை போய்த் திரும்பினார். இன்று தபால் பெட்டிவரை. வரும் வழியில் உப்புப் போடாத ஒரு வீட்டைக் காட்டி, மாணவனைக் கண்டிக்கும் குரலில் நிறையச் சொன்னார்.

பெப்ரவரி 16

முதியோர் சங்கக் கூட்டம். பொருளாளர் கிளீட் வாங்கிக் கொடுக்கப் பணம் சேர்க்கலாம் என்றார். அதற்கு முன் வாசலில் கைப்பிடியுள்ள இரண்டு கதிரையும் தண்ணீர் உறிஞ்சும் விரிப்பும் வேண்டும், குனிய முடியாதவர்களுக்கு மாட்டிவிட ஒரு இளம் பிள்ளை நிற்க வேண்டும் என்றேன். "கதிரைக்கு என்ன, மேல ஸ்ரோர் ரூமில கிடக்குது" என்றார் செயலாளர். கூட்டம் முடிய முன்பே இறக்கி வைத்துவிட்டார்கள். உயர்தரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஞாயிறுகளில் நிற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பாடசாலையில் கேட்கும் தொண்டு மணித்தியாலத்துக்கும் அது சேரும். சப்பாத்து அளவுகளை எழுதி எடுத்துவரும் பொறுப்பு எனக்கு.