யார் கை பரிமாறுகிறது?

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையில் விருந்து எதுவும் இல்லை. ஓர் ஆரஞ்சுப் பழம்தான். ரயிலில் அப்பாவோடு போகிற சிறுவன், தின்னாமல் வைத்திருந்த அந்தப் பழத்தை, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் சிறுமியிடம் கொடுத்துவிடுகிறான். சிறுவனின் மனசைப் புகழ்ந்துவிட்டு நகர்கிற விமர்சனம் பழத்தை மறந்துவிடுகிறது. அவன் அதை ஆசையாகப் பத்திரப்படுத்தியிருந்தான் என்பதில்தானே கொடுத்ததன் கனம் இருக்கிறது?

மதிப்புரைகளில் புனைகதை என்றால் ‘செறிவான நடை’, சமையல் நூல் என்றால் ‘நாவில் எச்சில் ஊறுகிறது’. இரண்டுமே நூலைத் திறக்காமல் எழுதிவிடக்கூடிய வரிகள். சோறு வருகிற பக்கங்களில் மதிப்புரையாளர் கேட்க வேண்டியவை வேறு. சமைத்தது யார்? யாருக்கு அள்ளி வைத்தார்கள், யாருக்கு அளந்து ஊற்றினார்கள்?

ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ முழுக்க இந்தக் கேள்விகளால் ஆனது. 2011இல் வந்த ‘அறம்’ தொகுப்பில் இருக்கிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சோற்றுக்கடை நடத்தும் கெத்தேல் சாகிப் யாரிடமும் காசு கேட்பதில்லை. இருப்பவர் பெட்டியில் போடலாம், இல்லாதவர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். படிக்க வந்த ஏழை மாணவனுக்கு மாமி வீட்டில் கிடைப்பது கணக்குப் பார்த்து ஊற்றும் கஞ்சி. சாகிப்போ கேட்காமலே மீனையும் கறியையும் அள்ளி வைக்கிறார். வேலை கிடைத்தபின் அவன் சீட்டுப் பணத்தை எடுத்துவந்து பெட்டியில் போடுகிறான். சாகிப்பிடம் ஒரு மாற்றமும் இல்லை. முன்பு போலவே பரிமாறுகிறார். கதையின் உச்சத்தைத் தாங்குவது அந்தப் பரிமாறல்தான். மீன் குழம்பையும் கோழிப் பொரியலையும் பற்றிய பத்திகளை அலங்காரம் என்று தாண்டிப் போகிறவருக்கு இது வெறும் நன்றிக்கதையாகவே மிஞ்சும்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ நூலையும் இதே கண்ணோடு வாசிக்கலாம். 1951இல் வெளிவந்தது. சொல்லிக்கொடுக்கப் பெரியவர்கள் இல்லாத வீட்டில் அடுப்பின் முன் நிற்கும் புதுப்பெண்தான் அவர் மனத்தில் இருந்த வாசகி. அதனால் ஆழாக்குக் கணக்கு வரை சொல்கிறார். எது முதலில், எது பிறகு என்று வரிசை பிசகுவதில்லை. ருசியை வர்ணித்து நேரம் கடத்துவதில்லை. மாமியார்கள் வசம் வாய்மொழியாக இருந்த அறிவை எவரும் எடுத்துப் படிக்கும்படி எழுதிவைத்தது பெரிய காரியம். அந்தச் சிக்கனமான உரைநடையை இலக்கியப் பத்திரிகைகள் இலக்கியமாகவே பேச வேண்டும்.

கூடவே, அது ஒரு பிராமண வீட்டு அடுக்களை என்பதையும் சொல்ல வேண்டும். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் கூளையனுக்குப் பண்ணையத்தில் கிடைக்கிற பழைய சோற்றுக்கு அங்கே இடமில்லை. நாவல்தான் அதை எழுதிவைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கிறவருக்கே தமிழ்நாட்டுச் சாப்பாட்டின் முழு வரலாறு பிடிபடும்.

இதழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் நூலை மதிப்புரைக்குக் கொடுக்கும்போது, அதிலுள்ள இரண்டு பண்டங்களையாவது செய்து பார்க்க அவகாசமும் சேர்த்துக் கொடுங்கள்.