கோபத்தை வீட்டிற்குச் சுமந்து வராதீர்கள்



கோலார் தங்கவயலில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவந்த சுரங்க வேலை, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி நிறுத்தப்பட்டது. அதன்பின் பல குடும்பங்களுக்குப் பெங்களூருவே பிழைப்பிடமாயிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் அதிகாலையில் ரயிலேறி, இரவில் வீடு திரும்புகிறவர்கள் இன்றும் அநேகர். ரயிலில் நெரிசலையும், வேலையிடத்தில் ஏச்சையும் பொறுத்துக்கொண்ட மனிதன், வீட்டில் சோறு ஆறிப்போயிற்று என்பதற்காகத் தட்டை வீசுகிறான். ஞாயிறு ஆராதனையில் கரங்களை உயர்த்தித் துதிக்கிறவர்களின் வீடுகளிலும் இது நடக்கிறதல்லவா?

நம் முன்னோர் இறங்கிய சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழமுள்ளது. அங்கே தோண்டத் தோண்ட, சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் ஏறும். ஒருநாள் அது திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்னும் அந்த விபத்தில் உயிரிழந்தவர்கள் அங்கே உண்டு. அழுத்தத்தை ஏற்றியது ஒன்று. அடிபட்டவனோ அருகில் நின்ற அப்பாவி. நம் கோபமும் பலமுறை அப்படித்தான் மனைவிமேலும் பிள்ளைகள்மேலும் விழுகிறது. பாறையின் மெல்லிய அதிர்வுகளைக் கருவிகளால் கவனித்தார்கள்; தோண்டிய வெற்றிடங்களைக் கல்லாலும் காங்கிரீட்டாலும் அடைத்தார்கள். நாமும் முன்னதாகவே செய்யவேண்டியவை உண்டு.

முதலாவது, அறிகுறியைக் கவனியுங்கள். தாடை இறுகும், நெஞ்சு படபடக்கும், குரல் உயரும். அந்த வேளையில் பேசாதிருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பத்துமுறை அப்படிச் செய்தால் படபடப்பு தணியத் தொடங்கும். ஒவ்வொரு மூச்சிலும் இயேசுவின் நாமத்தை உள்ளத்தில் சொல்லுங்கள். தணியாவிட்டால், “சற்று நடந்துவிட்டு வந்து பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே செல்லுங்கள்.

இரண்டாவது, சரீரத்தின் களைப்பை அற்பமாக எண்ணாதீர்கள். சாகவேண்டும் என்று சோர்ந்துபோன எலியாவைக் கர்த்தர் முதலில் கடிந்துகொள்ளவில்லை; தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார் (1 இராஜாக்கள் 19). ஆகவே வீட்டிற்குள் வந்தவுடன் கடனையும் பிள்ளையின் மதிப்பெண்ணையும் பேச எடுக்காதீர்கள். முகம் கழுவி, உண்டு, இளைப்பாறியபின் பேசுங்கள்.

மூன்றாவது, கோபத்தை அதற்குரிய இடத்தில் நியாயமாய்ச் சொல்லுங்கள். ஏழைகளின் கூக்குரலைக் கேட்டு நெகேமியா மிகவும் கோபங்கொண்டார். ஆனாலும் முதலில் தமக்குள்ளே ஆலோசித்தார். பின்பு வட்டி வாங்கிய பிரபுக்களையே நேரில் கண்டித்தார் (நெகேமியா 5). அநியாயத்தைக் கண்டு கோபப்படுவது பாவமல்ல. நிலுவைத் தொகைக்காகச் சுரங்கத் தொழிலாளர் கேட்ட கேள்வியும் நியாயமானதே. சம்பளம் பிடிக்கப்பட்டால், விவரங்களை எழுதி, சங்கத்தின் துணையோடு முதலாளியிடம் கேளுங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளையிடம் தீர்க்காதீர்கள்.

நான்காவது, அன்றைய கோபத்தை அன்றே முடியுங்கள். எபேசியர் 4:26இல் பவுல் அப்போஸ்தலன் போதிப்பது இதுவே. வேலைமுடிந்து வரும்போதே சூரியன் மறைந்திருக்கலாம். ஆனாலும் படுக்கைக்குப் போகுமுன் ஒப்புரவாக நேரமுண்டு. “நான் பேசியது தவறு, மன்னித்துக்கொள்” என்று பிள்ளையிடம் சொல்வதால் தகப்பனின் கனம் குறையாது.

ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கை நீட்டுகிறவனுக்கு அடங்கி, அடியைச் சகித்துக்கொண்டிருப்பது சாந்தகுணம் அல்ல. அடிக்கப்படுகிற சகோதரியே, பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள், நம்பத்தக்கவர்களிடம் சொல்லுங்கள், 181 என்னும் பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். ஜெபத்தோடுகூட இவற்றையும் செய்வது அவிசுவாசம் ஆகாது.

பிரியமானவர்களே, சாந்தமும் இச்சையடக்கமும் ஆவியின் கனிகள். சபையில் பெற்ற அபிஷேகத்தை முதலில் அறியவேண்டியவர்கள் நம் வீட்டார். இன்று இரவு வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று, அன்றைய பாரத்தைக் கர்த்தரிடம் வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் இல்லத்தை ஆளுவாராக. ஆமென்.