புள்ளி தேய்ந்த கீபோர்டு

"தமிழ்ல அடிக்கிறவரா சார் நீங்க?"

பையிலிருந்து கீபோர்டை எடுத்து மேசைமேல் வைத்ததுமே அவர் கேட்டார். இன்னும் நான் வாயே திறக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது அவர் கடை. ஒரு மேசை, இரண்டு ஸ்டூல், ஒரு குழல்விளக்கு, சால்டரிங் அயர்ன். அவ்வளவுதான். முப்பது வருஷமாக இதே தெருவில் கீபோர்டு பார்க்கிறார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். விரலை வைத்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்து ஈ. ஆங்கிலம் அடிப்பவர் கீபோர்டில் முதலில் பளபளப்பதும் அந்த விசைதான். என் கீபோர்டில் அது வாங்கிய நாளில் இருந்ததுபோலச் சொரசொரப்பாகவே இருந்தது. பக்கத்தில் எஃப் விசையோ வழுக்கை. விரல் இடம் தெரிந்துகொள்வதற்காக அதன்மேல் இருக்கும் சின்ன மேடுகூட மழுங்கிப்போயிருந்தது.

நான் தமிழ்99 முறையில் அடிப்பவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த விசையமைப்பு அது. ஆங்கில ஈ இருக்கும் இடத்தில் அதில் ஊகாரம் இருக்கிறது. எஃப் இருக்கும் இடத்தில் புள்ளி. 'பக்கம்', 'பந்து' என்று அடிக்கும்போது நடுவில் வரும் புள்ளியைக் கணினியே வைத்துவிடும். ஆனால் அவன், அவள், மரம், கால் என்று சொல் முடியும் இடத்திலெல்லாம் நாம்தான் வைக்க வேண்டும். தமிழில் எத்தனை சொற்கள் மெய்யில் முடிகின்றன என்பதை இலக்கணம் படித்தபோது நான் உணர்ந்ததில்லை. தேய்ந்துபோன அந்த ஒற்றை விசையைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

என் கோளாறும் அந்தப் புள்ளியில்தான். பத்து வருஷம் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமுமாக ஓடிய கீபோர்டு, ஒரு மாதமாக 'அவள்' என்று அடித்தால் 'அவள' என்று காட்டியது. சில நேரம் ஒரு தட்டுக்கு இரண்டு புள்ளி வைத்தது. முந்நூறு பக்க நாவலில் இதைத் தேடித் திருத்துவது எவ்வளவு பெரிய வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கம்பி இடுக்கியால் விசைமூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். அடியில் முடி, தூசி, மிக்சர் துணுக்கு. பார்க்கவே கூச்சமாக இருந்தது. "எல்லார் வீட்டுதும் இப்படித்தான் சார்" என்றார் அவர். கழுவினால் அழுக்கு போகும், பளபளப்பு போகாது. பளபளப்பு அழுக்கே இல்லை. பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை விரல் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கிவிடுகிறது. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் இது சீக்கிரம் நடக்கும், பிபிடியில் தாமதமாகும். மேலே அச்சடித்த எழுத்து அழியும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்த எழுத்து, விசை இருக்கும்வரை இருக்கும்.

500 ரூபாய் கீபோர்டுகளை அவர் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவற்றுள் மூன்று பிளாஸ்டிக் தாள்களும் ரப்பர் குமிழ்களும்தான். தாளில் ஓடும் கோடு அரித்துவிட்டால் சரிசெய்யும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம். என்னுடையது மெக்கானிக்கல், விசைக்கு விசை தனி ஸ்விட்ச். இந்த வகையில் பேர்பெற்ற செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்ச் குறைந்தது ஐந்து கோடித் தட்டல் தாங்கும் என்பது கணக்கு. சென்னை டி.டி.பி. கடைகளில் வருஷக்கணக்காகக் கேட்ட டிவிஎஸ் கோல்டு கீபோர்டின் 'டக் டக்' சத்தம் அந்த செர்ரி நீல ஸ்விட்சின் சத்தம்தான்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாளைக்கு மூவாயிரம் புள்ளி, வருஷத்துக்கு முந்நூறு நாள், பத்து வருஷம். தொண்ணூறு லட்சம். ஒரு கோடிகூட ஆகவில்லையே, அதற்குள் ஏன் போனது?

"தட்டினதுல போகல சார். தூசியும் ஈரக்காத்தும்."

ஈயத்தை உருக்கி, உறிஞ்சியால் இழுத்து, ஸ்விட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். திறந்து காட்டினார். ஒரு சுருள்கம்பி, ஒரு நகரும் தண்டு, இரண்டு மெல்லிய உலோக இதழ்கள். இதழ்கள் தொடும் இடத்தில் ஊசிமுனையளவு கறுப்பு. ஒரு மாதமாக என்னை அலைக்கழித்தது அதுதான்.

மாற்று ஸ்விட்சை டப்பாவில் தேடுவார் என்று நினைத்தேன். என் கீபோர்டின் மேல்வரிசைக்கே போனார். "ஸ்க்ரால் லாக்கை என்னைக்காவது அமுக்கியிருக்கீங்களா?" இல்லை என்றேன். கன்னி கழியாத அந்த ஸ்விட்சைக் கழற்றிப் புள்ளிக்கு வைத்தார். கெட்டுப்போனதை ஸ்க்ரால் லாக்குக்கு. விசைமூடியை மட்டும் அப்படி மாற்ற முடியாதாம். வரிசைக்கு வரிசை சாய்வும் உயரமும் வேறு. வழுக்கை எஃப் அங்கேயே இருக்கட்டும் என்றேன். இந்த வேலைக்கு 150 ரூபாய்தான் கேட்டார். குறைவு என்றுதான் எனக்குப் பட்டது, கூடக் கொடுத்தேன். மிச்சத்தை எண்ணி என் கையில் திணித்துவிட்டார்.

அதற்குள் பாரிமுனையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். பத்திரமும் பிரமாணப் பத்திரமும் அடித்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அவருடையது பழைய டைப்ரைட்டர் முறை. சரிசெய்ய விட்டிருந்த அவர் கீபோர்டில் ஓர் எழுத்துகூடப் பாக்கியில்லை. ஸ்டிக்கர் ஒட்டலாமே என்றேன்.

"எழுத்து எதுக்குத் தம்பி? டைப்ரைட்டிங் ஹையர் முடிக்கிறவரைக்கும் கீமேல துணியைப் போட்டு மூடித்தான் அடிக்க விட்டாங்க."

கடைக்கணினியில் கீபோர்டைச் செருகி, திரையைப் பார்க்காமல் அடித்தார். கிரயப் பத்திரத்தின் முதல் பத்தி, மூச்சு விடாமல். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, விசைச்சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவரிசையின் நடுவில், ஆங்கில எச் இருக்கும் இடத்தில், அவர் முறையில் துணைக்கால். அங்கே வந்ததும் விரல் நின்றது. திரையில் எழுத்தெல்லாம் சரியாகத்தான் விழுந்திருந்தது.

"கால் மட்டும் கொஞ்சம் தாமதமா எந்திரிக்குது தம்பி."

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் இடுக்கியை எடுத்தார்.