ஆலைக் கணினியும் அறிவிப்புப் பலகையும்

கோயம்புத்தூர் இயந்திரங்களின் நகரம் என்பது யாவரும் அறிந்ததே. 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரையவர்களின் முயற்சியால் இங்கு நூற்பாலை எழுந்தது. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், மலையினின்று இறங்கிய மின்சாரத்தை நம்பி ஆலைகள் விரைந்து பெருகின. 1956-ஆம் ஆண்டில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், 1962-ஆம் ஆண்டில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நிறுவனமும் தோன்றின. பிறர் செய்த பொறிகளை ஓட்டிய ஊர் தானே பொறிகள் செய்யும் ஊராயிற்று. அவ்வரிசையில் இப்பொழுது ஆலைக்குள் புகுந்திருப்பது கணினி. கதிர் எத்தனை சுற்றுச் சுழன்றது, எந்த இயந்திரத்தில் எத்தனை இழை அறுந்தது, எது எவ்வளவு நேரம் வாளா நின்றது என்பனவற்றையெல்லாம் அஃது இமையாது எண்ணிக்கொண்டிருக்கின்றது.

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அதனைக் கூறுதற்கே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

எம் தாய்மாமன் பல்லடத்தை அடுத்த ஒரு நூற்பாலையில் மின்பணியாளராக இருக்கின்றார். சென்ற கோடை விடுமுறையில், அவ்வாலையில் ரிங் பிரேம்களின் கணக்கைத் தொகுப்பதற்கென ஒரு கணினி வந்து இறங்கியது. அதனுடன் வந்த கையேட்டில் ஆங்கிலம் இருந்தது, வேறு பல நாட்டு மொழிகளும் இருந்தன, தமிழ் இல்லை. காப்பு விதிகள் அடங்கிய பக்கங்களை மட்டும் தமிழில் எழுதித் தருமாறு மாமா எம்மைக் கேட்டார். அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்திய ஆண்டில், வேறோர் ஆலையில், எம் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மின்பெட்டிக்குள் கை வைத்திருக்கும்போது, அதை அறியாத மற்றொருவர் மெயினைப் போட்டுவிட்டார். உயிர் தப்பியது, வலக்கையின் இரு விரல்கள் மடங்கா நிலையாயின. அப்பெட்டியின் கதவில் எச்சரிக்கை இல்லாமல் இல்லை. சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், அழகாகவே இருந்தது.

இனி, இக்கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள கணினி தன் வெப்பத்தைத் தணிக்க விசிறி கொண்டு காற்றை உள்ளிழுக்கும். நூற்பாலையிலோ காற்றெல்லாம் பஞ்சு. அத்தகைய கணினியை அங்கு வைத்தால், சின்னாளில் அதன் வயிறு பஞ்சுத் தலையணையாகிவிடும், வெப்பம் வெளியேறாது, பஞ்சோ எளிதில் தீப்பற்றும் பொருள். ஆதலின் ஆலைக் கணினிகளிற் பெரும்பாலானவற்றுக்கு விசிறி இல்லை. உலோக உடலே வெப்பத்தை வெளியேற்றும். முதுகில் வரிவரியாக உள்ள தகடுகள் அதற்கே அமைந்தவை. எனவே அத்தகடுகளை அடைத்து வைத்தலும், கையேடு கூறும் இடைவெளியின்றிச் சுவரோடு ஒட்டி நிறுத்தலும் அதன் மூச்சை அடைத்தலாகும். தகடுகள் நெட்டுக்குத்தாக இருப்பின் வெங்காற்று தடையின்றி மேலெழும். அவற்றிற் படியும் பஞ்சையும், நிறுத்திய பின்னரே, உறிஞ்சும் கருவி கொண்டு அகற்றல் வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் பஞ்சு இடம் மாறுமேயன்றி நீங்காது.

இத்தகைய கருவிகளின் மேல் ஐ.பி. 65 என்றாற் போன்ற குறியொன்று காணப்படும். முதல் எண் தூசியையும், இரண்டாம் எண் நீரையும் பற்றியது. 6 எனில் தூசி சிறிதும் புகாது. 5 எனில் பீச்சும் நீரைத் தாங்கும். ஆயினும் திரையோடு கூடிய பல கணினிகளில் இக்காப்பு முகத்திற்கு மட்டுமே உரியது, முதுகிற்கு அன்று. பெட்டிக் கதவில் ரப்பர் விளிம்பு நன்கு பொருந்த அமைத்தால்தான் அம்முகம் காக்கும். குறியை மட்டும் கண்டு மகிழ்ந்து, திறந்த வெளியில் தொங்கவிடுவோர் ஏமாறுவர்.

மாமா வேலை செய்த ஒழுங்கை யாம் அருகிருந்து கண்டோம். முதலில் அப்பகுதியின் மெயினை நிறுத்தினார், பூட்டினார், தம் பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டார், சாவியைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டார். "ஆஃப் பண்றது பாதி வேலை கண்ணு, பூட்டிச் சாவியை நம்ம பையில போட்டாத்தான் முழு வேலை" என்றார். அதன் பின்னும் கம்பியைத் தொடவில்லை. கையிலிருந்த மீட்டரை மின்சாரம் உள்ள வேறோரிடத்தில் வைத்து, அது சரியாகக் காட்டுகின்றதா என்று பார்த்தார். பின்பு தாம் வேலை செய்யவேண்டிய இடத்தில் வைத்தார். மீண்டும் முன்னையிடத்தில் வைத்துப் பார்த்தார். பழுதுபட்ட மீட்டரும் மின்சாரமற்ற கம்பியும் ஒரே விடையைத்தான் தரும் அல்லவா? அருகில் மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் ஒன்று இருந்தது. மெயின் நின்றபின்னும் அதனுள் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அதன் மேல் குறித்திருந்த நேரம் கழியும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு கணினியை இருக்கையிற் பொருத்தி, எல்லாவற்றுக்கும் முன்னதாக எர்த்துக் கம்பியை இணைத்தார். கழற்றும்போது அதுவே கடைசியில் நீங்கவேண்டும். இக்கருவி வாங்குவது சுவரிலுள்ள 230 வோல்ட் அன்று. 24 வோல்ட் நேர்மின்சாரம். அதில் கூட்டலும் கழித்தலும் மாறாதிருத்தல் வேண்டும். ஆதலின் இணைப்பதற்கு முன்னரே மீட்டரால் அளந்தார். செய்தி சுமக்கும் கேபிளை மோட்டார்க் கேபிளோடு சேர்த்துக் கட்டாது தனி வழியே கொண்டுசென்றார். குறுக்கிட்டே தீரவேண்டிய இடத்தில் செங்கோணமாகக் கடக்கச் செய்தார். நினைவகப் பலகையைச் செருகும்போது மணிக்கட்டில் எர்த்துடன் இணைந்த பட்டையை அணிந்தார். நம் உடலில் நாம் உணராத நிலைமின்னும் அந்நுண்பலகையைக் கொல்லவல்லது. மனிதன் மின்சாரத்திற்கு அஞ்சுவது போல மின்கருவி மனிதனுக்கு அஞ்சும் இடம் இஃது என எண்ணி வியந்தோம்.

நிற்க. இவற்றைத் தமிழில் எழுதப் புகுந்த பொழுதுதான் எம் வேலையின் அருமை புலனாயிற்று. ஆங்கிலத்தார் மின்சாரம் ஓடும் கம்பியை உயிருள்ள கம்பி என்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் எவருக்கு விளங்கும்? ஆலையில் யாவரும் சொல்வது, கரண்டு இருக்கின்றது என்பதே. எர்த்து என்பதற்கு நிலத்தொடர்பு முதலிய நல்ல தமிழ்ச் சொற்களை ஆக்கலாம். ஆயின் அவசரத்தில், இரைச்சலின் நடுவே, அவற்றை நினைந்து பொருள் காண யாருக்கு நேரமுண்டு? மின்தடை என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் அது கம்பி மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை; செய்தித்தாளில் அது மின்சாரம் நின்றுபோதல். மின்சாரம் போய் மீளும்பொழுது இயந்திரம் தானே ஓடிவிடாதபடி அமைக்கவேண்டும் என்பது முதன்மையான விதி. அவ்விதியில் இருபொருட் சொல்லை வைத்தல் ஆகாது. கரண்டு போய்த் திரும்ப வரும்போது என்றே எழுதினோம். செய்யுளிற் சிலேடை அணி. எச்சரிக்கையில் அது பிணி.

மற்றொன்று இலக்கணம் பற்றியது. நம் மொழியில் வினை இறுதியில் நிற்கும். அவ்வினையின் மறுப்போ அதற்கும் இறுதியில் நிற்கும். திறக்கக் கூடாது என்னும் தொடரின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கின்றது. பலகையின் ஓரத்தில் பஞ்சு படிந்து அச்சொல் மறைந்தால், எஞ்சுவது திறக்க என்பதே. இதனை மாமாவிடம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்படீன்னா செய்யாதேன்னு எழுத வேண்டாம், செய்யறதையே வரிசையா எழுதிப்போடு" என்றார். அவ்வாறே, மெயினை நிறுத்தவும், பூட்டவும், சாவியை உங்கள் பையில் வைக்கவும், மீட்டரால் பார்க்கவும், பிறகு கதவைத் திறக்கவும் என எண்ணிட்டு எழுதினோம். ஓரெழுத்து மறைந்தாலும் பொருள் தலைகீழாவதில்லை.

நிறுத்து என்பதா, நிறுத்துக என்பதா என்றும் ஆராய்ந்தோம். முன்னையது கொங்கு நாட்டிற்குப் பொருந்தாது. இங்கே வயதில் மூத்தவரை ஏவல் ஒருமையால் விளிப்பவர் இலர். பின்னையது வியங்கோள், வாழ்த்துக்கும் வேண்டுகோளுக்கும் ஏற்றதாயினும் ஆலைச் சுவரில் அயலாகத் தோன்றும். நிறுத்தவும் என்பதில் மரியாதையும் உண்டு, உறுதியும் உண்டு. இறுதியாக, எழுதியதை மாமா இடைவேளையில் பணியாளரிடம் உரக்கப் படித்துக் காட்டினார். எந்த வரியில் ஒருவரேனும் "அதென்னங்க?" என்று கேட்டாரோ அவ்வரியை மாற்றினோம்.

கணினியை ஓட்டத் தொடங்குவதிலும் முறையுண்டு. முதல் ஓட்டத்தில் இயந்திரம் கையியக்கத்தில் நின்றது. ஒவ்வொரு சமிக்ஞையும் தனித்தனியே சோதிக்கப்பட்டது. அவசர நிறுத்தப் பொத்தான் கணினியின் வழியாகச் செல்லாமல், தனிக் கம்பியால் நேரே மின்சாரத்தை வெட்டும்படி இருத்தல் வேண்டும். கணினி மயங்கி நின்றாலும் பொத்தான் மயங்கலாகாது. பின்னர், தொழிற்சாலையார் இட்டனுப்பிய கடவுச்சொல் மாற்றப்பட்டது; அமைப்பு முழுவதற்கும் ஒரு படி எடுத்து வேறிடத்தில் வைக்கப்பட்டது; பென்டிரைவ் செருகும் துளைகள் அடைக்கப்பட்டன. இதனை மிகை என்பார் உளர். 2010-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் பென்டிரைவ் வழியாகவும் பரவி, ஈரானில் சுழலிகளை இயக்கிய கருவிகளைக் கெடுத்தது. 2019-ஆம் ஆண்டில் நம் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அக்கணினி இணையத்தோடு தொடர்புடையது. நிலையத்தை இயக்கும் அமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டிருந்தமையால் தீண்டப்படவில்லை என்றும் அது தெரிவித்தது. பிரித்து வைத்தலின் பயன் இதனால் விளங்கும். ஆலைக் கணினியை அலுவலகக் கணினிகளோடும் இணையத்தோடும் கண்டபடி கோத்தல் தகாது.

அறிவியலைத் தமிழிற் சொல்லும் முயற்சி நமக்குப் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் இயற்றுவித்தார். எம் கொங்கு நாட்டுச் சேலத்திலே, 1916-ஆம் ஆண்டில், இராஜாஜியவர்களும் வெங்கடசுப்பையரவர்களும் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கமும் இதழும் நடத்தினர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரிற் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்கவேண்டுமென்று தன் 108-ஆம் பிரிவில் விதித்தது. பெரியோர் வழி வகுத்தனர்; சட்டம் கட்டளையிட்டது; ஆயினும் கருவிகள் வந்திறங்கும் விரைவிற்கு எழுதுவோர் எழவில்லை. இலக்கியம் பயில்வோர் இப்பணியைத் தம்முடையது அன்றென எண்ணுகின்றனர். பொறியியல் பயில்வோர் தமக்குத் தமிழ் வராது என்கின்றனர். இருவர்க்கும் இடைப்பட்ட வெளியில் ஒருவர் விரல் போய்விடுகின்றது.

இன்னும் ஒன்று கூறாது முடித்தல் நேர்மையாகாது. இப்பொழுது கோவை, திருப்பூர் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர்க்கு எம் தமிழும் அந்த ஆங்கிலத்தைப் போன்றதே. எம் பலகையை மாமா படித்துக் காட்டியபோது புன்னகையோடு தலையசைத்த ஒடிசா இளைஞர் ஒருவர்க்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பதைப் பிறகு அறிந்தோம். அவரையே அருகழைத்து, ஒவ்வொரு வரிக்கும் செயலைச் செய்து காட்ட, அவர் தம் எழுத்தில் எழுதினார். கல்வி நிறைந்த மொழிபெயர்ப்பாளர் அல்லர் அவர். ஆயினும் அந்த வரிகளை நம்பி அந்தக் கதவைத் திறக்கப்போகின்றவர் அவரே. அதனினும் கவனமாக எழுதத்தக்கவர் வேறு யார்?

இன்று அம்மின்பெட்டியின் கதவில் இரண்டு பலகைகள் தொங்குகின்றன. தேர்விற்கென யாம் எழுதிய கட்டுரைகள் பல. அவற்றைப் படித்தவர் மதிப்பெண் இட்டனர். இந்த ஏழு வரிகளுக்கு மதிப்பெண் இடுவார் இலர். படித்து, பூட்டி, சாவியைப் பையில் இட்டு, வேலை முடித்து, மாலையில் முழுக் கையோடு வீடு திரும்புவார் உளர். நம் கலாசாலையில் தமிழ் பயிலும் தோழர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் உள்ள ஓர் ஆலைக்கோ, பட்டறைக்கோ, பம்பு செய்யும் கூடத்திற்கோ ஒரு நாள் சென்று, அங்குள்ள எச்சரிக்கைகள் எம்மொழியில் உள்ளன, அவை எவர்க்கு விளங்குகின்றன என்று பார்த்து வருவார்களாயின், விடுமுறையில் செய்தற்கு வேலை இல்லையே என்று எவரும் வருந்தார்.