கம்பிவேலி பதித்த நாணயம்

உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு 60 ஆண்டுகள் நிறைந்த 2008-ல் பெல்ஜியம், இத்தாலி, போர்ச்சுகல், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் இரண்டு யூரோ மதிப்பில் நினைவு நாணயம் வெளியிட்டன. கூட்டு வெளியீடுகள் நீங்கலாக, ஆண்டுக்கு ஒரே ஒரு நினைவு நாணயம்தான் ஒரு நாடு இந்த மதிப்பில் வெளியிடலாம் என்பது அன்றைய விதி. அந்த ஒரே வாய்ப்பை மன்னருக்கும் கவிஞருக்கும் தராமல் பிரகடனத்துக்குத் தந்தார்கள். நான்கில் இத்தாலிய நாணயமே என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஓர் ஆண், ஒரு பெண். அவர்களைச் சுற்றி ஆலிவ் கிளை, கோதுமைக் கதிர், பற்சக்கரம், முள்கம்பி. அமைதி, உணவு, வேலை, சுதந்திரம் என்று உரிமைகளைப் பெயர் சொல்லியே நிறுத்துகிறது அது. பெல்ஜியத்தின் நாணயமோ பிரகடனத்தின் பெயரையும் 60 என்ற எண்ணையும் பொறித்ததோடு நின்றுவிட்டது. எந்த உரிமை என்று சொல்லாத மரியாதை யாரையும் கட்டுப்படுத்தாது.

உரிமைகளை மிதித்த அரசுகளே அவற்றுக்கு நாணயம் அடிப்பது வெறும் வேஷம் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் கூடிய ஐ.நா. பொதுச்சபையில் 48 நாடுகள் பிரகடனத்தை ஆதரித்தன; எட்டு நாடுகள் ஒதுங்கி நின்றன; எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இந்த நான்கில் அன்று வாக்களிக்கும் இடத்தில் இருந்தது பெல்ஜியம் மட்டுமே; மற்ற மூன்றும் ஐ.நா.வில் சேர்ந்தது 1955-ல். ஆதரித்து வாக்களித்த அந்த பெல்ஜியம், 1960 வரை காங்கோவைத் தன் ஆட்சியில் வைத்திருந்தது. போர்ச்சுகலில் சலாசாரின் சர்வாதிகாரம். அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கட்டாய உழைப்பு. ஆனால் 1974 புரட்சி அந்த ஆட்சியை வீழ்த்தியது. 1976-ல் எழுந்த போர்ச்சுகல் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, அடிப்படை உரிமைகளை இந்தப் பிரகடனத்துக்கு இசையவே பொருள்கொள்ள வேண்டும் என்கிறது. பழைய பாவத்தைக் காட்டி, திருந்திய நாட்டின் நாணயத்தையும் பொய் என்று தள்ளுவது நியாயமல்ல.

இத்தாலியைப் பற்றிய ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. நாணயம் வெளியான அதே 2008-ல் அந்த அரசு, ரோமா என்ற சிறுபான்மை இன மக்களின் குடியிருப்புகளைக் காரணம் காட்டி அவசரநிலை அறிவித்தது. குழந்தைகளிடம்கூடக் கைரேகை எடுக்கப்பட்டது. முள்கம்பி பதித்த நாணயம் அதைத் தடுக்கவில்லை. 2011-ல் அந்த அவசரநிலை செல்லாது என்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது சட்டத்தின் வலிமையால்தான். நாணயத்தால் முடிந்தது வேறு: குடியரசின் முத்திரையோடு அரசே பகிரங்கமாகக் கொடுத்த வாக்காக அது நிற்கிறது. குற்றம் சாட்டுபவர் வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த அரசு அடித்த காசையே நீட்டிக் கேட்கலாம்.

காசை யார் உற்றுப் பார்க்கிறார்கள் என்றும் கேட்கலாம். பெரும்பாலோர் பார்ப்பதில்லைதான். ஆனால் சேகரிப்பாளர்களுக்காக அடிக்கப்படும் வெள்ளி நாணயம் விலை கொடுக்க முடிந்தவரின் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு யூரோ நாணயமோ யூரோ புழங்கும் எல்லா நாடுகளிலும் ரொட்டிக் கடையிலும் பேருந்திலும் கைமாறும் பணம். பிரகடனத்தின் 25-ஆம் பிரிவு உணவை உரிமை என்கிறது. ரொட்டி வாங்கும் காசிலேயே கோதுமைக் கதிர் இருந்து, அந்தக் காசு இல்லாதவருக்கும் ரொட்டியில் உரிமை உண்டு என்று சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பிரகடனத்தின் நூற்றாண்டு 2048-ல் வருகிறது. அப்போது அடிக்கப்படும் நாணயங்களும் கடைவீதியில் செல்லுபடியாகும் சாதாரண உலோகத்தில் இருக்கட்டும். எந்த உரிமை என்பதும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கட்டும்.