வைரம் மஞ்சளடித்தால் போலியா?

வைரம் என்றாலே நம்மில் பலருக்கு ஆயிரம் சந்தேகம். மஞ்சள் தட்டினால் அசல் இல்லையா? சுத்தியலால் அடித்தாலும் உடையாதாமே? உள்ளே கறுப்புப் புள்ளி இருந்தால் வீட்டுக்கு ஆகாதா? இதையெல்லாம் நானே தேடித் தெரிந்துகொள்ளும்படி ஆயிற்று.

காரணம், அம்மா எனக்குக் கொடுத்த ஏழு கல் தோடு. என் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் போட்டுவிட்டேன். வந்திருந்த பெரியம்மா ஒருவர், "கல்லு மஞ்சளடிக்குதே, அசல்தானா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. சம்பந்தியம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காதில் விழாமலா இருக்கும்?

வைரம் என்பது கரிதான். பூமிக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே இறுகி விளைவது. அதில் துளி நைட்ரஜன் கலந்தால் மஞ்சள் தட்டும்; போரான் கலந்தால் நீலம். துளி நிறமும் இல்லாத கல்லுக்கு 'டி' என்று ஆரம்பித்து, 'இசட்' வரை தரம் பிரிக்கிறார்கள். மஞ்சள் கூடினால் விலை குறையும், அவ்வளவுதான். நாம் ஆசையாகக் கேட்கும் 'ப்ளூ ஜாகர்' என்ற பேர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தை வைத்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971-லேயே மூடியாயிற்று. இப்போது கடையில் அப்படிச் சொன்னால், அது நிறத்துக்கு வைத்த பேர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் காதில் கல் மங்காமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பின்பக்கம் மூடிய பழைய தோட்டை மட்டும் ஊறப் போடாதீர்கள், உள்ளே தண்ணீர் இறங்கித் தகடு கறுத்துவிடும்.

சுத்தியல் பரீட்சை வேண்டவே வேண்டாம். வைரத்தில் கீறல் விழாதே தவிர, ஓங்கி அடித்தால் பிளந்துவிடும். தோஷம் என்று நாம் பயப்படும் புள்ளி இருக்கிறதே, அதை ஆராய்ந்துதான் விஞ்ஞானிகள் வைரத்தின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு நூறு கோடி வருஷத்துக்கு மேல் வயதாம்! இன்று தொழிற்சாலையில் விளையும் வைரமும் அதே கரிதான். கண்ணால் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. லேப்பில் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதுதான் வழி.

நானும் கல்லை எல்லாம் கழற்றி லேப்பில் கொடுத்தேன். பதினாலில் பதிமூன்று வைரம். மஞ்சளடித்தவை எல்லாம் அசல்! பளிச்சென்று வெள்ளை வெளேரென இருந்த ஒன்றுதான் அமெரிக்கன் டயமண்ட். அந்தச் சரக்கு விற்பனைக்கு வந்ததே 1976-ல். அம்மா கல்யாணமாகி அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டது 1974-ல். ஆகவே நடுவில்தான் கல் மாறியிருக்கிறது. கேட்க அம்மா இல்லை. அப்பாவுக்கு வேலை போய் எட்டு மாதம் வீட்டிலிருந்த வருஷம் எனக்கு லேசாக நினைவிருக்கிறது. அந்த எட்டு மாதமும் எங்களுக்குப் பால் நின்றதில்லை.

அந்தக் கல்லை மாற்றக் கூடாது, அது பாட்டி வைத்தது என்கிறாள் என் பெண். இருக்கட்டும், ஆனால் சம்பந்தியம்மாளிடம் சான்றிதழைக் காட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும் என்கிறேன் நான். வருகிற வெள்ளிக்கிழமை இருவருமாக அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.