பார்மர் எண்ணெய்க்கு யார் விலை வைப்பது?

டில்லி உயர் நீதிமன்றத்தில் 2016இல் முடிந்த கெய்ர்ன் இந்தியா வழக்கில் நான் யாருக்காகவும் ஆஜராகவில்லை. ஆனாலும் எண்ணெய் ஒப்பந்தங்களைப் பற்றிக் கேட்டு வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

ராஜஸ்தானின் பார்மர் வயல்களில் எடுக்கும் கச்சா எண்ணெயில் தன் பங்கை வெளிநாட்டுக்கு விற்க அனுமதி கேட்டது கெய்ர்ன் நிறுவனம். தேவையில் ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்யும் நாடு, கையில் இருப்பதையும் கப்பலேற்றுவதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. விலைக் கணக்கைப் படித்த பிறகு அந்தக் கோபம் அப்படியே நிற்கவில்லை.

பார்மரில் உள்ள மங்களா வயல் எண்ணெயில் மெழுகு அதிகம். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, இது நமக்கு வெயில் என்று தோன்றும் நாளிலேயே கட்டிதட்டிவிடும். அதனால் குஜராத் கடற்கரை வரை சுமார் 670 கிலோமீட்டர் நீளக் குழாயை வழிநெடுகச் சூடேற்றி, 65 டிகிரி அளவில் வைத்தே அனுப்புகிறார்கள். எல்லா சுத்திகரிப்பு ஆலைக்கும் இது ஒத்துவராது. அரசு நியமித்த பொதுத்துறை ஆலைகள் முழுவதையும் எடுக்காததால் தனியார் ஆலைகளுக்கு விற்கவும் அனுமதி தரப்பட்டது. அப்போதும் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். உலகச் சந்தையின் அளவுகோலான பிரெண்ட் எண்ணெய் விலையைவிடக் குறைத்துத்தான் விற்க முடிந்தது. இதில் நஷ்டம் கெய்ர்னுக்கு மட்டுமல்ல. ராஜஸ்தான் அரசின் ராயல்டி, மத்திய அரசின் லாபப் பங்கு, 30 சதவீதப் பங்கு வைத்திருக்கும் ஓஎன்ஜிசியின் வருமானம் எல்லாமே அந்த விலையின் மேல்தான் கணக்கிடப்படுகின்றன.

உள்நாட்டிலேயே சுத்திகரித்தால் லாபம் இங்கேயே தங்கும் என்பார்கள். தங்கும், ஆனால் யாரிடம்? கச்சாவைக் குறைந்த விலைக்கு வாங்கிய ஆலை, டீசலை உலக விலைக்கு ஏற்றுமதி செய்ய அப்போது தடை இல்லை. பக்கத்தில் ஆலை கட்டினாலும் கணக்கு தானாகச் சரியாகிவிடாது. பார்மர் எண்ணெயைக் காட்டியே ராஜஸ்தான் கேட்டு வாங்கிய பச்பத்ரா ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 90 லட்சம் டன். அதில் ராஜஸ்தான் எண்ணெய்க்குத் திட்டமிட்டது 15 லட்சம் டன்தான்; மீதி இறக்குமதி.

ஆனால் வழக்கில் அரசுத் தரப்புக்குப் பெரிய பலம், 1995இல் கையெழுத்தான உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். நாட்டின் உற்பத்தி நாட்டின் தேவைக்குப் போதுமானதாகும் வரை எண்ணெயை உள்நாட்டிலேயே விற்க வேண்டும் என்று அது சொல்கிறது. நீதிபதி மன்மோகன் அக்டோபரில் மனுவைத் தள்ளுபடி செய்தார். தன்னிறைவு வராமல் ஏற்றுமதி கிடையாது என்பதே தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட ஷரத்தை விலை இறங்கியதும் உதற முடியாது.

நான் அந்த மனுவை எழுதியிருந்தால் ஏற்றுமதியைக் கேட்டிருக்க மாட்டேன். உள்நாட்டில் எந்த ஆலைக்கும், ஏலம் போட்டு, கிடைக்கிற நல்ல விலைக்கு விற்கும் உரிமையைக் கேட்டிருப்பேன். ஷரத்துக்கும் பங்கமில்லை, அரசு வருமானத்துக்கும் நஷ்டமில்லை.

2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய இதைத்தான் செய்தது. அரசுக்கோ அரசு சொல்லும் நிறுவனத்துக்கோதான் விற்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த அக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டது. உற்பத்தியாளர் உள்நாட்டில் யாருக்கும் விற்கலாம். ஏற்றுமதித் தடையில் மட்டும் கை வைக்கவில்லை.